அன்பளிப்பு: அக்கா கிருபா

பேர் வெட்டி முடித்ததும் கிருபா அக்கா முதலில் பாத்திரத்தைப் பார்க்க மாட்டார். கட்டை விரலை எழுத்துகளின் மேல் ஒருமுறை ஓட்டுவார். பிறகு வாயால் ஊதுவார். அதற்கப்புறம்தான் கண். பதினாறு டிசம்பர் பார்த்திருக்கிறேன், இந்த வரிசை மாறியதே இல்லை.

நான் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், பேனா மாதிரி பிடித்து எழுதும் சின்ன மிஷின், அவ்வளவுதான் என் இடம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஆனாலும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டுக் குடங்களிலும் தூக்குகளிலும் இருப்பது என் கையெழுத்து. எனக்கு அவ்வளவாகப் பேச்சு வராது. அதனால் கடைக்கு வருகிறவர்கள் நான் ஒருத்தி இருப்பதை மறந்துவிட்டுப் பேசுவார்கள்.

கிருபா அக்கா இரும்புலியூரில் இருப்பவர், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். பெற்றோர் போன பிறகு தம்பி எபியைப் படிக்க வைத்ததில் அவருடைய கல்யாண வயது போய்விட்டது. எபி இப்போது மேடவாக்கத்தில் பதினோராவது மாடியில் இருக்கிறான். மனைவி ஜெரூஷா. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அக்கா ஒரு பாத்திரம் வாங்கி, ‘அன்பளிப்பு: அக்கா கிருபா’ என்று வெட்டி எடுத்துப் போவார். இட்லிக் குண்டான் போனது, அடுக்கு டிபன் கேரியர் போனது, முறுக்கு அச்சுகூடப் போனது. ஒன்றையாவது அந்த வீட்டில் அவர் மறுபடி பார்த்ததில்லை. கேட்டால், “லாஃப்ட்ல பத்திரமா இருக்குக்கா” என்பானாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எபி புதுப் பேச்சு ஒன்றை எடுத்தான். இரும்புலியூர் வீட்டை விற்றுவிட்டு அவன் பெரிய வீடாக வாங்குவதாகவும், அக்கா அங்கேயே வந்து இருந்துவிடலாம் என்றும். வீடு அக்கா, தம்பி இரண்டு பேர் பேரிலும் இருந்தது. அக்கா கையெழுத்து இல்லாமல் நடக்காது. ஜனவரியில் பத்திரப் பதிவு என்று நாளும் குறித்துவிட்டார்கள்.

“என் சாமான் ஒண்ணுகூட வெளிய நிக்காத வீட்டுல நான் போய் எப்படி நிப்பேன் பச்சையம்மா?” என்றார் அக்கா என்னிடம். “இந்தத் தடவை அவங்களுக்குப் பிடிச்ச மாதிரியே ஒண்ணு வாங்கித் தரேன். அது ஹால்ல நின்னுச்சுன்னா நானும் போயிடறேன்.”

எபியே போனில் ஒரு இணையப் பக்கத்தை அனுப்பியிருந்தான். நவீன டிசைன் பிடித்தவர்களுக்கு விழாக்காலத்தில் என்ன பரிசு தரலாம் என்று படங்களோடு இருந்தது. எண் இல்லாத கடிகாரம், சிமெண்டில் செய்த மெழுகுவர்த்திக் கிண்ணம், உட்கார்ந்தால் உடைந்துவிடும்போல ஒரு நாற்காலி. அக்கா அதை ஜெபப் புத்தகம் மாதிரி திருப்பித் திருப்பிப் படித்தார். எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அன்பளிப்பு வாங்கப்போகிறவர் பட்டியலை அனுப்பி வைப்பது என்ன பழக்கம்?

என் லீவு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு மேடவாக்கத்தில் ஒரு கடைக்குப் போனார். உள்ளே போனதும் ஒரு வாசனை, யாரோ இப்போதுதான் ஆஸ்பத்திரியைக் கழுவிவிட்ட மாதிரி. எல்லாம் சாம்பல் நிறம், எல்லாம் ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி. ஒரு தட்டின் விளிம்பு கோணியிருந்தது. எங்கள் கடைக்கு அப்படி ஒரு தட்டு வந்தால் முதலாளி லாரியிலேயே திருப்பி அனுப்புவார். இங்கே அந்தக் கோணலுக்குத்தான் விலை.

“இது இன்னாம்மா?” என்று அக்கா உருண்டையாக ஒன்றைக் காட்டிக் கேட்டார்.

“வேஸ் மேம்” என்றாள் அங்கே வேலை பார்த்த பெண். சட்டையில் ஸ்ம்ருதி என்று பேர் குத்தியிருந்தது.

“பூ எங்க வைக்கிறது? வாயே இல்லையே.”

“பூ வைக்கிறதுக்கு இல்ல மேம். சும்மா வைக்கிறதுக்கு.”

“சும்மா எதை வைக்கிறது?”

“இதையேதான் மேம்.”

அக்கா என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு ஜாடியை எடுத்தார். கைப்பிடி இல்லை, மூடி இல்லை, மினுக்கமும் இல்லை. வேண்டுமென்றே மங்க வைத்த எவர்சில்வர். அந்தக் கடையில் அவருக்குத் தெரிந்த ஒரே உலோகம் அதுதான். விலையை இங்கே எழுத மாட்டேன், எனக்கு வயிறு எரியும்.

மறுநாள் காலையில் ஜாடியோடு என் ஸ்டூல் முன்னால் நின்றார். இதிலுமா பேர் வெட்டுவது என்று எனக்குத் திக்கென்றது.

“அடியில வெட்டட்டுமாக்கா?” என்றேன். நான் கேட்டதே அதிகம்.

“அடியில வெட்டினா யாரு பாப்பாங்க? கவுத்து வெச்சா பாப்பாங்க? முன்னாடி போடு, நல்லா பெருசா.”

வெட்டினேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. பேர் வெட்டாமல் ஒரு பாத்திரத்தைக் கொடுப்பது அக்காவுக்குக் கைகழுவாமல் சோறு பரிமாறுவது மாதிரி. கட்டை விரலை ஓட்டினார், ஊதினார், பார்த்தார். “அழகா கீது” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸ் முடிந்து நான்காம் நாள் ஒரு ஆணும் பெண்ணும் கடைக்குள் வந்தார்கள். அவள் பையிலிருந்து ஜாடியை எடுத்துக் கல்லாவில் வைத்தபோதுதான் யாரென்று தெரிந்தது. என்னை அவர்களுக்குத் தெரியாது.

“சார், இங்கதான் வெட்டினாங்களாம், இந்த ரைட்டிங்கை எரேஸ் பண்ண முடியுமா?” என்று ஜெரூஷா முதலாளி துரைராஜிடம் கேட்டாள். “பீஸ் சூப்பரா இருக்கு. அதுல போய் கல்யாண மண்டபத்து அண்டா மாதிரி பேரை வெட்டி வெச்சிருக்காங்க.”

“அழிக்கலாம்மா. ஆனா அந்த இடம் மட்டும் பளபளன்னு ஆயிடும். மத்த இடமெல்லாம் டல்லா கீதுல்ல?”

“பரவால்ல, சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுக்கறேன்.”

திருப்பி வைப்பதாக இருந்தால் பேரோடேயே திருப்பி வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். சுவருக்குக்கூட அந்தப் பேர் தெரியக் கூடாதுபோல.

எபி போனைத் தடவிக்கொண்டே, “அக்கா கவனிச்சுட்டா?” என்றான்.

“புது வீட்டுல அவங்க ரூமுக்குள்ள அவங்க அண்டா குண்டாவை அடுக்கிக்கட்டும். கதவை மூடி வெச்சா முடிஞ்சுது. ஹால் பக்கம் மட்டும் எதுவும் வரக் கூடாது எபி, சொல்லிட்டேன்.”

“ரெஜிஸ்ட்ரேஷன் வரைக்கும் கொஞ்சம் சும்மா இரு ஜெரூ” என்று சொல்லிச் சிரித்தான்.

அவளுக்காவது ஜாடி பிடித்திருந்தது. இவன் அக்கா சோற்றில் வளர்ந்தவன்.

“பச்சையம்மா, பாலீஷ் போட்டு வை, சாயந்திரம் வாங்கிப்பாங்க” என்றார் முதலாளி. போட்டேன். வெட்ட எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை அழிக்க. என் கையே எனக்கு அருவருப்பாக இருந்தது. சோப்பு போட்டுக் கழுவினேன்.

மூன்று மணிக்கு, யார் வரக் கூடாதோ அவரே வந்தார். இரண்டு கட்டைப் பை நிறைய பாத்திரங்கள், முகமெல்லாம் சிரிப்பு.

“நின்னுச்சு பச்சையம்மா! கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஜெரூஷாவே கையால வாங்கி ஹால் டேபிள்ல வெச்சா. ‘ஸோ ஸ்வீட்’டுன்னா. நான் சாப்பிட்டுட்டு கிளம்பற வரைக்கும் அங்கதான் நின்னுச்சு. இதுல எல்லாம் ‘கிருபா’ன்னு வெட்டிக் குடு. அங்க போனா அவங்க சாமானோட கலந்துடும்.”

ஜாடி என் மேசைக்கடியில் செய்தித்தாளில் சுற்றி இருந்தது. அக்கா டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனார். மிஷினைக் கையில் எடுத்தேன், ஓட்ட முடியவில்லை. மிஷினைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து ஜாடியை எடுத்து, தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

அக்காவின் கட்டை விரல் தானாகவே அந்த இடத்துக்குப் போனது. பளபளப்பின் மேல் ஒருமுறை ஓடியது. ஊதவில்லை.

“அவளா?” என்றார்.

“ரெண்டு பேரும் வந்தாங்கக்கா.”

“அவனுமா?”

தலையாட்டினேன்.

எடுத்து வைத்த டம்ளர்களை மறுபடி பையில் போட ஆரம்பித்தார். நானும் கூடச் சேர்ந்து போட்டேன். வாசலில் நின்று எபிக்குப் போன் செய்தார். “கையெழுத்துப் போட வரலடா... இல்ல, கோவமெல்லாம் இல்ல... அன்னிக்கு எனக்கு ஸ்கூல் கீது... மறுநாளும் ஸ்கூல்தான்.”

சாயந்திரம் ஜெரூஷா தனியாக வந்து ஜாடியை வாங்கிப் போனாள். திருப்பிப் பார்த்து, “நைஸ்” என்றாள். என்ன நடந்தது என்று முதலாளிக்குத் தெரிந்தபோது என்னை நன்றாகத் திட்டினார். திட்டட்டும்.

கிருபா அக்கா இரும்புலியூர் வீட்டில்தான் இருக்கிறார், தனியாக. எபி எப்போதாவது வந்தால் காரை வாசலில் நிறுத்தி, இறங்காமலே பேசிவிட்டுப் போகிறானாம். வீடு இன்னும் இரண்டு பேர் பேரில்தான் இருக்கிறது. போன டிசம்பரிலும் சரி, இந்த டிசம்பரிலும் சரி, அக்கா பேர் வெட்ட வரவில்லை.