ஒன்றரை அடி கிழக்கே

வானத்து சாட்டிலைட்டை நம்பி, தரையில் ஒருவர் வீடு எங்கே முடிகிறது என்று சொல்வது எங்கள் தொழில். இதில் வரும் ஒரு விளக்கத்தை நான் பல வருடங்களாக நம்பவில்லை. ஆனாலும் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். சாட்டிலைட் சிக்னல் வாங்கும் கம்பைப் பிடித்து வெயிலில் நிற்கிற சக சர்வேயர்கள் என்னைத் திட்டலாம்.

ரேஞ்ச்

சாட்டிலைட் மட்டும் சொன்னால் சில அடி தவறும். கொச்சியில், தேவராவில் ஒரு மொட்டை மாடியில் வேணு சேட்டன் வைத்திருக்கும் ஆன்டெனா, அந்தத் தவறுக்கான திருத்தத்தை இன்டர்நெட்டில் அனுப்பும். அது என் போனுக்கு வந்து சேர்ந்தால் திரையில் பச்சை விழும். அளவு விரற்கடை சுத்தம். மட்டாஞ்சேரிச் சந்துகளில் நெட் போய்விட்டால், இங்கே சொல்வதுபோல் 'ரேஞ்ச்' இல்லாவிட்டால், கம்போடு நிற்க வேண்டியதுதான். ஒரு நாள் இஞ்சி மண்டிக்காரர் கேட்டார்: "எங்க இடம் எங்க இருக்குன்னு தெரிய நீங்க ரீசார்ஜ் பண்ணணுமா சேட்டா?"

அடுக்களைச் சுவர்

செல்வி அக்கா முன்னறையில் துணி தேய்த்துக் கொடுப்பவர். வீடு ஒன்றரை சென்ட். மேற்கே இருக்கும் கிடங்குக்காரர் மதில் கட்டப் போகிறார் என்றதும், எல்லையைக் குறித்துத் தரச் சொல்லி அக்கா என்னைக் கூப்பிட்டார். தொடங்கும் முன், அளவு தெரிந்த சர்வே கல் ஒன்றில் கம்பை வைத்துச் சரிபார்க்க வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தது, வைக்கவில்லை. பச்சை விழுந்ததே, போதாதா? எல்லை அக்காவின் அடுக்களைக்குள் ஒன்றரை அடி தள்ளி விழுந்தது. அக்கா சண்டை போடவில்லை. "நீங்க நம்ம ஆளு. பொய்யா சொல்லப் போறீங்க? இடிச்சிடறேன்."

விளக்கம்

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் சர்வே கல்லில் கம்பை வைத்தேன். ஒன்றரை அடி பிசகு, அக்கா வீட்டு எல்லை தள்ளிப்போன அதே திசையில். வேணு சேட்டனைக் கூப்பிட்டேன். ரேஞ்ச் பிரச்சினையாக்கும், ஆன்டெனா வைத்த இடத்திலேயே இருக்கிறது என்றார். மறுநாள் அதே கல் சரியாக வந்தது. ரேஞ்ச் போனால் பச்சை போகும். எல்லைகள் ஒரே பக்கமாக நகராது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ரேஞ்ச் என்றால் யார் மேலும் பழி இல்லை, என் மேலும் இல்லை. அதையே போய் அக்காவிடம் சொன்னேன். அதற்குள் அவர் சுவர் இருந்த இடத்தில் கிடங்குக்காரரின் மதில் எழுந்திருந்தது. "அப்ப அந்த ரேஞ்சையே வந்து கட்டித் தரச் சொல்லுங்க."

மொட்டை மாடி

அக்கா இன்றும் தேய்க்கிற மேஜைக்கடியில் அடுப்பு வைத்துத்தான் சமைக்கிறார். இடத்தைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார், நான் சாட்சி. போன வாரம் முதன்முறையாக வேணு சேட்டனின் மாடிக்கு ஏறினேன். ஆன்டெனா கம்பத்துக்கு மேற்கே, சிமென்ட் பூசி மூடிய நாலு போல்ட் துளைகள். டேப்பை வைத்தேன். ஒன்றரை அடி. பழைய இடத்தின் அளவையே அனுப்பிக்கொண்டிருந்தால், கம்பம் கிழக்கே நகர்ந்த அளவுக்கு நான் குறிக்கிற எல்லையும் கிழக்கே போகும். நான் போன் செய்த பிறகுதான் அளவைத் திருத்தியிருக்கிறார், மறுநாள் கல் சரியாக வந்தது அதனால்தான். சரிபார்க்காத குற்றம் என்னுடையது, அதைக் கோர்ட்டில் சொல்லிவிடுவேன். வேணு சேட்டன் துளைகளைப் பார்க்காமல் சாயா குடிக்கலாமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேட்டேன்: "கம்பத்த நகத்தினது தெரிஞ்சே, நான் போன் பண்ற வரைக்கும் எத்தனை வீட்டை அளக்க விட்டீங்க?"