உப்பில்லாத திங்கட்கிழமை

ரொசால்பா முப்பத்தோரு வருடங்களாகக் கடலுக்கு நாற்பதடி தள்ளி நின்று சமைத்தவள். கலாமுரா என்ற ஊரின் கடற்கரையில் வரிசை வரிசையாகக் குடை நட்டு வாடகைக்கு விடுகிறார்களே, அந்தக் குளியல் விடுதியின் அடுப்படி அவளுடையது. இத்தனை வருடத்தில் கடல் அவள் முழங்காலுக்கு மேல் ஏறியதில்லை. ஊரில் இதை யாரும் விநோதமாக நினைத்ததுமில்லை. நீந்துவதற்கு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அவர்களைப் பார்க்கவே பொழுது போதவில்லை.

ஐம்பத்தெட்டாவது வயதில் முழங்கால் வலித்தது. தண்ணீரில் இறங்குங்கள் என்றார் டாக்டர். கடல் வாசலில் கிடக்க, அவள் வாரம் இருமுறை பஸ் பிடித்து மலைமேல் இருக்கும் ஊருக்குப் போய், நகராட்சிக் குளத்தில் ஆறு வயதுக் குழந்தைகளோடு நீச்சல் கற்றாள். கலாமுராவில் கற்றால் ஊரே கரையில் நின்று கருத்துச் சொல்லும். மலையில் அவளைத் தெரிந்தவர் யாருமில்லை. மூன்று குளிர்காலம் போயின. இப்போது அந்தக் குளத்தை நிற்காமல் இருபது தடவை கடப்பாள்.

இந்த ஜூன் மாதம் கணவன் சபதீனோவிடம் விஷயத்தைச் சொன்னாள். கரையிலிருந்து இருநூறு மீட்டரில், நீந்துகிறவர்களுக்கு எல்லையாகக் கட்டியிருக்கும் சிவப்பு மிதவையைத் தொட்டுவிட்டு வரப்போகிறாள்.

"எதுக்கு? அங்க உனக்காக யாராவது காத்துக்கிட்டு இருக்காங்களா?" என்றான் அவன்.

"இருந்தா உன்கிட்டயா சொல்லுவேன்?"

சொல்வது சுலபமாக இருந்தது. அவளுக்கு விடுமுறை திங்கட்கிழமை மட்டும். சமையல்காரிக்கு விடுமுறை என்றால், ஊருக்குச் சமைக்காமல் குடும்பத்துக்குச் சமைக்கும் நாள் என்று பொருள். காலையெல்லாம் வீட்டு அடுப்பில் நின்று, ஒரு மணிக்குச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு குடைக்கடியில் வந்து பரிமாறி, தானும் சாப்பிட்டு முடிக்கும்போது இரண்டாகிவிடும். அதன் பிறகு மூன்று மணி நேரம் தண்ணீரில் இறங்கக் கூடாது. சாப்பிட்டவன் கடலில் இறங்கினால் வயிறு இறுகிச் செத்துப்போவான் என்பது கலாமுராவில் சட்டமல்ல, சட்டமென்றால் மீறியிருப்பார்கள். முலாம்பழத்துக்கு இரண்டு மணி நேரம், பாஸ்தாவுக்கு மூன்று, பொரித்த கத்தரிக்காய்க்கு மூன்றரை. சந்தேகம் வந்தால் சபதீனோவின் அக்கா எர்மெலிந்தாவைக் கேட்கலாம். எழுபது வயது. மருந்துக் கடையில் முப்பது வருடம் தரை துடைத்தவள். எனவே மருத்துவம் அறிந்தவள்.

ரொசால்பாவும் இந்த விதியை முழுமனதோடு நம்பினாள். சிக்கலே அதுதான். நான்கு மணிக்குக் காற்று கிளம்பிவிடும். அவளுடைய வயிறு ஐந்து மணிக்குத்தான் அனுமதி தரும். இப்படியே கோடை முழுவதும் பன்னிரண்டு திங்கட்கிழமைகளைக் காற்று ஜெயித்தது. செப்டம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை மிச்சமிருந்தது. புதன்கிழமை படகு வந்து மிதவைகளை அடுத்த கோடை வரைக்கும் பிடுங்கிப் போய்விடும்.

அன்று கடல் அசையாமல் கிடந்தது. ஐந்தாவது வரிசையில் அவர்களுடைய குடை. பக்கத்துக் குடையில் ஒருவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். ரொசால்பா மேசையை விரித்தாள். சபதீனோவுக்கும் எர்மெலிந்தாவுக்கும், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட கத்தரிக்காய் அடுக்கைத் தாராளமாக வெட்டி வைத்தாள். தனக்குத் தட்டு எடுக்கவில்லை. மேலங்கியைக் கழற்றினாள். உள்ளே நீல நிற நீச்சலுடை.

"உன் தட்டு எங்கடி?" என்றாள் எர்மெலிந்தா.

"எனக்கு வேண்டாம் மதினி. நான் கடலுக்குப் போறேன்."

எடுத்த கரண்டியை எர்மெலிந்தா கீழே வைத்தாள். கலாமுராவில் ஒருவர் மூழ்கிச் சாகலாம், அதற்கு முன்னுதாரணம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டை ஒருவர் வேண்டாமென்று சொன்னதாகத் தகவல் இல்லை.

"காய்ச்சலா?"

"இல்ல மதினி."

"அப்போ சண்டையா? டேய் சபதீனோ, என்னடா பண்ணி வச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா! இன்னிக்கி இன்னும் வாயே திறக்கல!"

எர்மெலிந்தா யோசித்தாள். அவளிடம் இன்னொரு ஆயுதம் இருந்தது. சத்தமாக, காவல் மேடையில் உட்கார்ந்திருந்த ஜெரார்தோவுக்கும் கேட்கும்படிச் சொன்னாள்: "சமைச்சவ நீதான? காலையில இருந்து சட்டிய நக்கிப் பார்த்திருப்ப. கத்தரிக்காய் பார்த்திருப்ப, தக்காளிச் சாறு பார்த்திருப்ப, பாலாடைக்கட்டி ஒரு துண்டு உள்ள போயிருக்கும். ருசி பார்த்தாலும் சாப்பாடு சாப்பாடுதான். ஜெரார்தோ! இவள தண்ணியில விடாத. வயித்துல கத்தரிக்காய் கிடக்கு!"

உயிர்காப்பாளன் ஜெரார்தோவுக்கு ஐம்பது வயது. விசில் அவன் கழுத்திலும், மூன்று மணி நேர விதி அவன் ரத்தத்திலும் இருந்தன. மேடையிலிருந்து இறங்கி வந்தான். "அக்கா, உண்மையச் சொல்லுங்க. ருசி பார்த்தீங்களா?"

"இல்லப்பா. காலையில ஆறு மணிக்கு ஒரு ரொட்டித் துண்டு. அவ்வளவுதான்."

"ருசி பார்க்காம சமைச்சாளாம்!" என்று எர்மெலிந்தா கையை உதறினாள். "கேட்டுக்கிட்டியாடா?"

அதற்குள் சபதீனோ, சச்சரவில் சாப்பாடு ஆறிவிடக் கூடாதென்று ஒரு வாய் போட்டிருந்தான். மென்றான். நிறுத்தினான். இன்னொரு வாய் போட்டு உறுதிப்படுத்திக்கொண்டான்.

"ரோசா, இதுல உப்பே இல்ல."

ரொசால்பாவுக்குக் கையளவு என்று ஒன்று கிடையாது, நாக்களவுதான். நாக்கைப் பூட்டிவிட்டுச் சமைத்தபோது, கூடிவிடுமோ என்று பயந்து பயந்து குறைத்துவிட்டிருந்தாள்.

எர்மெலிந்தா சாப்பிட்டுப் பார்த்தாள். ஜெரார்தோவிடமும் ஒரு முள்கரண்டி நீட்டப்பட்டது. அவனும் மென்றான். முப்பத்தோரு வருடமாக அவள் சமையலைச் சாப்பிட்டவன் அவன்.

"இவ்வளவு மோசமா அக்கா சமைச்சதே இல்ல," என்றான் மரியாதையாக. "ருசி பார்க்கவே இல்ல. கடலுக்குப் போகட்டும்."

"அவமானம்!" என்றாள் எர்மெலிந்தா. ஆனால் மருத்துவக் காரணம் எதுவும் மிச்சமில்லாததால் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ரொசால்பா நடந்து போய் இறங்கினாள். குளத்துத் தண்ணீர் படுத்திருக்கும். இது மூச்சு விட்டது. முதல் ஐம்பது மீட்டர் பயம், அடுத்த ஐம்பது கோபம், அதன் பிறகு எண்ணிக்கை மட்டும். குளத்தில் ஒரு நீளத்துக்கு முப்பது வீச்சு; எட்டு நீளம். இருநூற்று நாற்பது என்று கணக்கு வைத்திருந்தாள். இருநூற்று எழுபது ஆனபோது கை வழுவழுப்பான எதிலோ மோதியது. பாசியும் சிப்பியும் அப்பிய மிதவை. கிட்டத்தில் பார்த்தால் அதன் சிவப்பு வெளுத்திருந்தது. அதைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கினாள்.

பின்னாலேயே துடுப்புச் சத்தம். ஜெரார்தோ மீட்புப் படகில் வந்திருந்தான். "காத்து இன்னிக்கி சீக்கிரமே கிளம்புதுக்கா. தொட்டாச்சு இல்ல, ஏறுங்க. உங்க மதினி கரையில நின்னு கத்துறாங்க."

"என்ன கத்துறாங்க?"

"சாப்பிடாம நீந்தினா மயக்கம் வருமாம்."

ரொசால்பா மிதவையை விட்டாள். "தொட்டுட்டு வர்றேன்னுதான் சொன்னேன். வர்றது பாக்கி இருக்கு. தள்ளிப் போய்யா, கை இடிக்குது."

அலை இப்போது சின்னச் சின்னதாக முகத்தில் அறைந்தது. அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். ஜெரார்தோ பக்கவாட்டில், தற்செயலாக அந்த வழியே போகிறவனைப்போல, வானத்தைப் பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டான். மார்பளவு தண்ணீரில், நின்றுவிடலாமே என்று சபதீனோ கரையிலிருந்து கையைக் காட்டினான். முழங்காலளவு தண்ணீரிலும் காட்டினான். அவள் நிற்கவில்லை. கைவீச்சுக்குத் தண்ணீர் இருந்தவரை நீந்தினாள். வயிறு மணலில் உரசியபோதுதான் எழுந்தாள்.