பேரணாம்பட்டுச் சாலையில் ஓர் ஆயத்த ஆராதனை

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை வேலூரிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் போனேன். வேடிக்கை பார்க்க இல்லை. அப்பாவுக்கு எழுபது வயது நடக்கிறது. இருபது வருஷமாக அவர் திருவிருந்தில் கை நீட்டியதில்லை. வேலூர்க் கோவிலில் அப்பமும் கிண்ணமும் வரும் நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். மார்கழியில் காய்ச்சலில் கிடந்தபோது, "சாகறதுக்கு முன்ன ஒரு தபா பந்தியில உக்காரணும்" என்றார். பழைய சபையிலிருந்து நற்சாட்சிச் சீட்டு வந்தால்தான் ஆகும் என்று எங்கள் போதகர் சொல்லிவிட்டார். அதை வாங்கத்தான் இந்தப் பயணம்.

காட்பாடியில் காலை 7.10க்குப் பாசஞ்சர். வேலூரிலிருந்து ஐந்து மைல் ஜட்காவில் போக வேண்டும், ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஆம்பூருக்கு மூன்றாம் வகுப்பு ஆறு அணா. குடியாத்தம் தாண்டியதும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் பாலாறு கூடவே வரும். தண்ணீரைத் தேடாதீர்கள், மணல்தான்.

ஒன்பது மணிக்கு ஆம்பூர்; கோவில் அங்கிருந்து பேரணாம்பட்டுச் சாலையில் நாலு மைல். ஜட்காக்கார பாய், "நாலாவது மைல் சர்ச்சா? அந்த ரோடு ரொம்ப பேஜார்மா, ஆறணா குடு" என்றார்.

"இன்னா பாய், ஜாஸ்தி கேக்கற? போன தபா நாலணாதானே குடுத்தேன்?"

இருபது வருஷமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவள் நான். அதையெல்லாம் அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஐந்து அணாவுக்கு இறங்கினார்.

எங்கள் சபை தோல் ஷாப்பில் பிறந்தது. தோல் வேலை செய்த ஏழு பேர் தங்கள் குடும்பங்களோடு தோல் பதனிடும் ஆவாரம்பட்டை மூட்டைகளுக்கு நடுவே ஜெபிக்க ஆரம்பித்தார்கள். பிறகு தாங்களே கல் சுமந்து கோவில் கட்டி, கை தூக்கி ஓட்டுப் போட்டு இரண்டு மூப்பர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் என் அப்பா சாமுவேல், மற்றவர் அவருடைய தோஸ்த் யோசேப்பு. ஞாயிற்றுக்கிழமை ஷாப்பில் வேலை செய்கிறவனுக்குப் பந்தியில் இடமில்லை என்று விதி எழுதியது அப்பாதான்.

தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. ஒரு மழைக்காலத்தில் ஆட்களெல்லாம் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். குழியில் கெடு தாண்டிக் கிடந்த தோல்கள் இன்னும் ஒரு நாள் ஊறினால் கூழாகிவிடும். ஞாயிறு விடியற்காலையில் அப்பா தனியாகவே அவற்றை இழுத்துப் போட்டுவிட்டு, வெந்த கைகளோடு ஆராதனைக்கு வந்தார். சபைக் கூட்டத்தில் குற்றம் சொல்லி எழுந்தவர் யோசேப்பு. "விலக்கப்படுகிறார்" என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா எழுந்து நடந்துவிட்டார். அடுத்த வாரம் வேலூரில் இருந்தோம். எனக்குப் பதினோரு வயது. யோசேப்பு மாமாவிடமிருந்து வந்த மூன்று கடிதங்களையும் அப்பா பிரிக்காமலே அடுப்பில் போட்டதைப் பார்த்தவள் நான்.

கோவில் அப்படியே இருந்தது. தரையில் பாய், புளியமரத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு, காற்றில் பட்டை வாசனை. சின்ன வயதில் எல்லாக் கோவில்களும் இப்படித்தான் மணக்கும் என்று நினைத்திருந்தேன். வேலூரில் முதல் ஞாயிறு, இது கோவிலே இல்லை என்று அழுதிருக்கிறேன். இப்போது வாசலிலேயே அழுகை வந்துவிட்டது.

திருவிருந்துக்கு முந்தின நாள் ஆயத்த ஆராதனை நடக்கும். பந்திக்கு உரியவர்களின் பெயர்களை மூப்பர் அதில் வாசிப்பார். மாலை நான்கு மணிக்கு யோசேப்பு மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மூன்றாவது பெயர், "சாமுவேல்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி சாவகாசமாக, "வேலூர்ல இருக்கார்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

ஆராதனை முடிந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டு, நான் யாரென்று சொல்லி, அப்பா பெயர் இன்னும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மூணு மாசத்துக்குதாம்மா வெலக்கனோம். முழுசா கேக்காமயே எழுந்து போய்ட்டான். கடுதாசி போட்டேன், பதிலே இல்ல. நேர்ல வர்றதுக்கு எனக்கும் ரோஷம்."

"அப்ப சீட்டு எழுதிக் குடுங்க மாமா."

"மாட்டேன். குடுத்தா இங்க அவன் பேர அடிக்கணும். அந்த ஏழு பேர்ல மிச்சம் நானும் அவனுந்தான். அவன வரச் சொல்லு."

கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். மனிதர் அசையவில்லை. ரோஷத்தில் இரண்டு கிழவர்களும் ஒரே அச்சு. திங்கட்கிழமை வெறுங்கையோடு வீடு திரும்பி, நடந்ததைச் சொன்னேன்.

அப்பா "மூணு மாசந்தானா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அங்கே போக நினைப்பவர்கள் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் போய்ச் சேருங்கள். ஞாயிறு சபையிலேயே சாப்பாடு போடுவார்கள். சாலையில் நிழல் கம்மி, குடை அவசியம். வயதானவர்களைக் கூட்டிப் போனால் ஜட்காவில் வைக்கோலை ஜாஸ்தியாகப் போடச் சொல்லுங்கள். சித்திரையில் அப்பாவை அழைத்துப் போனபோது நான் கற்றுக்கொண்டது இது.

எங்கள் சபையில் ஒரே கிண்ணம்தான். அந்த ஞாயிறு அதை வரிசையாகக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டியவர் யோசேப்பு மாமா. அப்பா குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். மாமா பிடித்தார், ஆனால் அடுத்தவரிடம் நகரவில்லை; அப்பாவும் கையை எடுக்கவில்லை. கிண்ணத்தைப் பிடித்தபடி இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். அவசரப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை.