அக்கா தேர்ந்தெடுத்த கார்புரேட்டர்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. பழவேற்காட்டுக் குப்பத்தில் பிறந்தவர். மீஞ்சூரில் வாழ்க்கைப்பட்டு, மாமா தவறியதும் எங்கள் வீட்டுக்கே திரும்பினார். கூடவே வந்தது மாமா ஓட்டிய பழைய கான்டெஸா கார். இறால் பண்ணை முதலாளி ஒருவர் கழித்துவிட்ட வண்டி. படகு நீளம் இருக்கும். எங்கள் சந்தில் திரும்பாது. அதை ஓட்டித்தான் அக்கா பிழைத்தார். கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, ஊரே அவரைத்தான் கூப்பிடும். வாயும் கொஞ்சம் நீளம்தான். அதைச் சொல்லாமல் விட்டால் அக்காவே கோபித்துக்கொள்வார்.

ஒருநாள் அம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். திருப்பாலைவனம் பஸ் நிறுத்தத்தில் கூட்டம். அக்கா வேகத்தைக் குறைத்தார், வண்டி அணைந்துவிட்டது. சாவியைத் திருகத் திருக இருமியதே தவிர, கிளம்பவில்லை. பின்சீட்டில் அம்மாவின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடிவந்து தள்ளினார்கள். அம்மா அன்று பிழைத்தது அவர்களால்தான்.

இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார் மெக்கானிக். மறுநாளே அவரையும் என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா சென்னையில் பழைய உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனார். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் பழசு. ஒன்று பெரியது, பளபளவென்றிருந்தது. மற்றது சின்னது, கறுத்துப்போயிருந்தது.

"பெரிசு போட்டா வண்டி பறக்கும்கா," என்றார் மெக்கானிக்.

அம்மாவின் உதடு கண்ணிலேயே நின்றதால் எனக்கும் வேகம்தான் பெரிதாகப் பட்டது. "அதையே வாங்கிடுக்கா. இன்னொரு வாட்டி இழுப்பு வந்தா இன்னா பண்ணுவ?"

அக்கா பெரியதில் காற்றைத் திறந்து மூடும் தண்டை விரலால் ஆட்டினார். லொடலொடவென்றது; அந்த இடுக்கில் காற்று புகுந்தால் காலை எடுத்ததும் வண்டி அணைந்துவிடும். சின்னதில் ஆட்டமே இல்லை.

"பறந்து எங்கடா போறது? வழி முச்சூடும் ஆடும் ஆட்டோவும் நிக்குது. கால எடுத்தா வண்டி நின்னுடக் கூடாது. எனுக்கு அதான் வோணும்."

சின்னதே வந்தது. வேகம் ஏறாது என்று மெக்கானிக் வழியெல்லாம் முணுமுணுத்தார். அதன்பின் அம்மாவை எத்தனையோ முறை ஏற்றிப் போனோம். வண்டி வழியில் ஒரு தடவைகூட அணையவில்லை.

போன வருடம் அதே பின்சீட்டில் அக்காவைக் கிடத்தினோம். நெஞ்சுவலி. அம்மா மடியில் அவர் தலை. ஓட்டியது நான். அதே நிறுத்தம், அதே கூட்டம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கப் பயந்து ஹாரனை அழுத்தியபடியே போனேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"கால எடுடா. எவனயாவுது இட்சிடப் போற. அது நிக்காது."

எடுத்தேன். நிற்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை. பொன்னேரியில் டாக்டர் கையை விரித்தபோதும் வாசலில் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், இன்றும் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திருப்பாலைவனத்து மக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அக்காவைக் கொண்டுபோன அன்று எங்கள் வண்டியைக் கண்டதும் மறுபடி தள்ளுவதற்காக ஓடிவந்தீர்கள். தள்ள வேண்டியிருக்கவில்லை. ஒதுங்கி நின்று வழி விட்டீர்கள். அதற்கும் நன்றி.