நான்காவது குழுவின் ஒன்பது பேர்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளைப் பெல்ட்டக்கா என்றால்தான் தெரியும். மக்கள் ஒரு நாளில் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்று அறிய, அசைவைப் பதியும் சிறு கருவி கோத்த பெல்ட்டை அவர்கள் இடுப்பில் கட்டிவிட்டு, ஏழு நாள் கழித்து வாங்கி வருவது அவள் வேலை. பதினாறு வருடத்தில் ஊரார் இடுப்பளவெல்லாம் அவளுக்கு அத்துப்படி. யாரிடமும் மூச்சு விட்டதில்லை, பாவம்.

அந்த வாரம் புள்ளிவிவரப் பெண் நானூறு பேரின் பதிவுகளைக் கணினியில் போட்டு, ஒரே மாதிரி அசைகிறவர்களை ஒரே குழுவாகப் பிரித்தாள். உட்கார்ந்தே இருப்பவர்கள், நடப்பவர்கள், விடுமுறை நாளில் மட்டும் ஓடுபவர்கள் என்று மூன்று குழு ஒழுங்காக வந்தது. நான்காவதில் ஒன்பதே பேர். காலை எட்டு முதல் மூன்று வரை ஒரே தாளத்தில் குலுங்கித் தள்ளியிருந்தார்கள். ஒன்பதும் பெல்ட்டக்கா கட்டியவை.

"மனுஷங்க இப்படி ஆட முடியுமாம்மா? வீட்ல உக்காந்து நீங்களே குலுக்கிட்டீங்களா?" என்றார் இயக்குநர்.

பொய்ப் பதிவு என்று முடிவானால் வேலை போய்விடும். வேலைகூடப் போகட்டும், பொய்க்காரி என்ற பெயரை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? மூன்று நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை பட்டியலைப் புரட்டினாள். ஒன்பது பேரும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்பவர்கள். நேரே அங்கே போய் நின்றாள்.

"வேலை நேரத்துல பெல்ட்டை என்னம்மா பண்ணீங்க?"

"நனையக் கூடாதுன்னு நீங்கதானேக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க? அதான் கழட்டி அதுல மாட்டிட்டோம்" என்று துணி பிழியும் இயந்திரத்தின் கைப்பிடியைக் காட்டினாள் ஒருத்தி. இயந்திரம் பேய் பிடித்ததுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

"கழட்டினா தாள்ல எழுதணும்னும் சொன்னேனே!"

"எங்க கண்ணு முன்னாடியேதானேக்கா இருந்துச்சு?"

பெல்ட்டக்காவுக்குத் திட்டத் தோன்றவில்லை. அவளைக் கட்டிப்பிடிக்கத்தான் தோன்றியது. கையோடு கொண்டுபோன பெல்ட்டை அதே கைப்பிடியில் பத்து நிமிடம் மாட்டி எடுத்து வந்தாள். புள்ளிவிவரப் பெண் இயக்குநர் முன்னாலேயே அதைத் திரையில் போட்டாள். அச்சு அசலாக அதே தாளம்.

"சார், கம்ப்யூட்டர் சரியாத்தான் பிரிச்சிருக்கு" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நாலாவது குழுவுல மனுஷங்களே இல்ல. ஒரே ஒரு மெஷின்!"

இயக்குநர் எழுந்து நின்றார். "அவசரப்பட்டுட்டேன்மா. மன்னிச்சுடுங்க."

அப்பாடா என்றிருந்தது பெல்ட்டக்காவுக்கு. கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது.

"பரவாயில்ல சார். ஆனா அந்த ஒன்பது பேரையும் கணக்குலேர்ந்து தூக்கிடாதீங்க. நாள் பூரா ஈரத்துணி சுமக்கிறவங்க. பெல்ட்டுக்கு நனையாத உறை தைச்சு, திரும்பக் கட்டிட்டு வர்றேன்."

அவர் தலையாட்டினார். பெல்ட்டக்கா தன் மேசைக்குப் போய், மூன்று நாளாகத் திறக்காமலே வீடு திரும்பிய சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.