இரண்டு சப்பாத்தியில் ஒன்று

இந்த ஊரில் எதிரே வருகிறவர்கள் "ஹவ் ஆர் யூ" என்று கேட்பார்கள். பதிலுக்கு நிற்க மாட்டார்கள். துபாய்க்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. முப்பத்திரண்டு மாடி ஆபீஸ் கட்டடம். அதில் லிஃப்ட் கதவு துடைக்கிற வேலை எனக்கு. ஒருநாள் காலையில் கோட்டு போட்ட ஒருவர் அப்படிக் கேட்டார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நேற்று ஜுரம், இன்றைக்குத் தேவலை என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன். ஜுரம் என்று முடிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. துடைத்த கதவில் என் முகம்தான் தெரிந்தது. மறுநாளும் அவர் கேட்டார். "குட் சார்" என்றேன். ஏழு வருடமாக அதையே சொல்கிறேன்.

எனக்கு ஊர் பு.முட்லூர் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. என்னோடு நின்றவன் யூசுப், பரங்கிப்பேட்டைக்காரன். சாயங்காலமானால் இரண்டு பேரும் வெள்ளாற்றுப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருப்போம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். பஸ் போகும், பார்ப்போம். இருட்டினால் எழுந்து போவோம். அவன்தான் எனக்கு இங்கே விசா பிடித்துக் கொடுத்தான். ஒரே ஊரில் இருக்கலாம் மச்சான் என்றான். ஒரே ஊர்தான். அவன் மளிகைக் கடை அந்தக் கோடியில், நான் தங்குகிற லேபர் கேம்ப் இந்தக் கோடியில். அவனுக்கு லீவு செவ்வாய், எனக்கு வெள்ளி. போன வருடம் மூன்று தடவை பார்த்தோம். மற்றபடி போனில் அவன் குரல் வந்து விழும். "மச்சான், சாப்ட்டியாடா?" நான் மறுநாள்தான் கேட்பேன். "ஆச்சுடா" என்று பேசி அனுப்புவேன். அவன் அதை எப்போது கேட்பானோ.

எனக்கு வயது முப்பத்தாறு. எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒருநாள் நான் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆள். அது ஆணோ பெண்ணோ, அப்படி ஒருவர் இருந்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

கட்டடத்தின் பின்பக்கம் சாமான் இறக்குகிற வாசல். அங்கே செக்யூரிட்டியாக வந்தாள் மெர்சி. கென்யாக்காரி. என் வயதுதான் இருக்கும். முதல் நாள் பதினொரு மணிக்கு அந்தப் பக்கம் துடைக்கப் போனேன். ஒரு ஆளைப் பார்த்தால் எங்கள் பக்கம் என்ன கேட்போமோ அதைத்தான் கேட்டேன். "மேடம், ஈட் ஃபினிஷ்?" அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நோ. யூ?" என்றாள். அப்போது நானும் சாப்பிட்டிருக்கவில்லை. "நோ" என்றேன். மேஜைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பயறு. ஒரு சப்பாத்தியை என் கையில் வைத்தாள். வேண்டாம் என்றேன். விடவில்லை. "கென்யா ஃபுட். சப்பாத்தி" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எங்கள் பக்கமும் உண்டு என்று நான் சொல்லவில்லை. அவள் ஊருடையதாகவே இருக்கட்டும்.

அதன் பிறகு தினமும் கேட்டேன். கேட்காமல் போனால் மரியாதை இல்லையே. தினமும் அவள் ஒன்று கொடுத்தாள். மெஸ்ஸில் விடியற்காலை கட்டிக் கொடுக்கிற சோறு என் பையிலேயே இருக்கும். ராத்திரி கேம்புக்குப் போய் அதைத் தின்பேன். புளித்திருந்தாலும் தெரியாது. எட்டு மாதம் இப்படி. அவள் இங்கிலீஷ் வேகம், எனக்குப் பாதிதான் புரியும். பையனை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், புருஷன் இல்லை. இவ்வளவு புரிந்தது. நான் ஒருநாள் ஜுரத்தில் போகவில்லை. மறுநாள், "யெஸ்டர்டே வேர்?" என்றாள். அன்றைக்கு லிஃப்ட் கதவை இரண்டு தடவை துடைத்தேன்.

ஒருநாள் போனில் நேராகவே கிடைத்த யூசுப்பிடம் சொன்னேன்.

"இன்னாடா, கென்யா மாமியார் வூடா?"

"சும்மா இரு."

"சோறு போடுறவ எல்லாம் பொண்டாட்டி ஆயிடுவாளாடா? அப்டீன்னா எங்க மெஸ்காரன் என் பொண்டாட்டி."

"இல்லடா. தினம் எனக்குன்னு எடுத்துட்டு வர்றா."

அவன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு, "அப்ப கேட்ருடா. வெள்ளிக்கெழம பீச்சுக்கு வர்றியான்னு கேளு" என்றான். எப்படிக் கேட்பது என்று அவனே சொல்லிக் கொடுத்தான். யூ, மீ, ஃப்ரைடே, பீச். நாலு வார்த்தை. அந்த வாரம் லீவு முடிந்து வந்த ஒருவரிடம் அக்கா பண்ருட்டி முந்திரி கொடுத்தனுப்பியிருந்தாள். அதை மெர்சிக்கென்று பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது கொடுத்துவிட்டுக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பார்த்துப் புது உத்தரவு. வெளியே போகிற கிளீனர் பைகளையெல்லாம் அந்தந்த வாசலிலேயே பார்க்க வேண்டும். என் பையை மெர்சி திறந்தாள். சாப்பாட்டு டப்பா முதலில் கைக்கு வந்தது. கனமாக இருந்ததால் திறந்தாள். சோறு வைத்தது வைத்தபடி இருந்தது.

"எவரி டே?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "எவரி டே" என்றேன்.

அவள் கத்தவில்லை. மெதுவாகப் பேசினாள், எனக்குப் புரிய வேண்டும் என்று. எனக்கென்று தனியாக அவள் கொண்டுவரவில்லை. அவளுடையதே இரண்டுதான். எனக்குச் சாப்பாடு இல்லை, வெட்கத்தில் சுற்றி வளைத்துக் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். எட்டு மாதமாக ஒன்றோடு அவள் நாளை ஓட்டியிருக்கிறாள். "தென் வொய் யூ ஆஸ்க்?" என்றாள்.

"மை கன்ட்ரி... லைக் ஹலோ" என்றேன்.

"ஹலோ" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். முந்திரியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டி, முந்திரியையும் பைக்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். பின்னால் வரிசை நின்றது. நாலு வார்த்தையையும் நான் சொல்லவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குப் போனேன். கேட்காமலிருக்க முடியவில்லை. "ஈட் ஃபினிஷ்?" என்றேன்.

"ஃபைன். தேங்க் யூ" என்றாள்.

சரியாகக் கற்றுக்கொண்டாள். கோபமும் இல்லை. இரண்டு சப்பாத்தியையும் அவளே சாப்பிட்டாள். அது நல்லதுதான். நான் படிக்கட்டில் உட்கார்ந்து என் சோற்றைத் தின்றேன். அடுத்த மாதம் அவளை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எந்தக் கட்டடம் என்று கேட்டேன், ஏதோ ஒரு பேர் சொன்னாள். இங்கே கட்டடத்துக்கா பஞ்சம். யூசுப்பிடம், "கேட்கலடா" என்று மட்டும் சொன்னேன். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த வாரம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வந்தான். இரண்டு பேரும் பீச்சில் உட்கார்ந்திருந்தோம். முந்திரியை அவன்தான் தின்றான்.

இரண்டு மாதத்துக்கு முன் லீவில் ஊருக்குப் போனேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி முட்லூர் பஸ்ஸுக்காக நின்றேன். கூடப் படித்த செல்வம் பைக்கில் வந்தான். "டேய், எப்ப வந்த? சாப்ட்டியா?" என்றான். இன்னும் சாப்பிடவில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் கியரைப் போட்டுக் கீழவீதிப் பக்கம் திரும்பிப் போய்விட்டான். பார்த்தால் என் வலது கை பையை விட்டு ஒரு சாண் முன்னால் நீண்டிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. யாரும் பார்ப்பதற்குள் மறுபடி பையைப் பிடித்துக்கொண்டேன்.