மசூபாவின் மில் வாசலில் ஆறு பேசின்கள்

மசூபாவின் மாவு மில்லில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, அவர்களுடைய பேசின்கள்தான் நிற்கும். மக்காச்சோளத்தை நிரப்பி, மேலே துணி மூடி வைத்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அடுத்தவர் பேசினை நகர்த்துவதோ துணியைத் தூக்கிப் பார்ப்பதோ, ஜாம்பியத் தலைநகர் லுசாகாவின் கன்யாமாப் பகுதியில் யாரும் செய்யாத காரியம்.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, பதினோரு வருஷம் பெரிய வீடுகளில் தரை துடைத்தவள் மசூபா. அதிகம் பேசமாட்டாள், கண்தான் எல்லாவற்றையும் மேயும். நாட்டில் தோண்டுகிற செம்புக்கு நல்ல விலை இருந்த நாளில் லுசாகா முழுக்க சிமென்ட் லாரிகள் ஓடின. நாளுக்கொரு தகரக் கூரை முளைப்பதைப் பார்த்து, 'இத்தனை வாய்க்கும் களி வேண்டுமே' என்று சேர்த்ததையெல்லாம் போட்டு மில் வைத்தாள். நினைத்தது பலித்தது. காலையிலேயே இருபது பேசின்கள் வந்துவிடும்.

பிறகு மழை பொய்த்தது. மின்சாரம் தரும் கரீபா அணையில் தண்ணீர் இறங்க இறங்க, கரன்ட் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. வாசல் பல்பின் சுவிட்சைப் போட்டே வைத்து, அண்ணாந்து பார்த்தபடி இருப்பாள். போன மாதம் சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒருவன் டீசல் மில் திறந்தான். இருபது பேசின் ஐந்தாகிவிட்டது. ஐந்தும் போய்விட்டால் மறுபடி தரைத் துணிதான்.

கூட்டம் இருக்கிற கடைக்குத்தானே கூட்டம் வரும் என்று யோசித்தாள். வியாழக்கிழமை காலையில் தன் வீட்டுக் காலிப் பேசின்கள் ஆறைத் துணி மூடி, வந்திருந்த ஐந்துக்குப் பின்னால் வைத்தாள். யார் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள்?

பன்னிரண்டாவதாகக் கபிங்காவின் அம்மா தன் பேசினை வைத்துவிட்டுப் போனாள். தெருவுக்கே வாய் அவள். மசூபாவுக்கு மனசு குளிர்ந்தது.

அதன் பின் மூன்று பெண்கள் தலையில் பேசினோடு வந்தார்கள். ஒருத்தி மோவாயாலேயே எண்ணினாள்.

"பன்னெண்டா! மூணு மணி நேரக் கரன்டுல நம்ம முறை வந்த மாதிரிதான்."

"வா, டீசல்காரன்கிட்ட போலாம். புகை நாத்தம் அடிச்சாலும் மாவு மாவுதானே."

'இதில் ஆறு என்னுடையது' என்று மசூபா எப்படிச் சொல்வாள்? எடுத்து உள்ளே வைக்கலாம் என்றால், எதிரே தக்காளிக்காரி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் இன்னும் ஏழெட்டுப் பேர் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு மணிக்குப் பல்பு எரிந்தது. ஐந்து பேசினையும் சட்டென்று அரைத்து முடித்தாள். ஆறாவதன் அருகே வந்தபோது கபிங்காவின் அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"என்னடி முழிக்கிறே? அடுத்தத அள்ளிப் போடு."

மசூபா துணியைத் தூக்கினாள். கபிங்காவின் அம்மா எட்டிப் பார்த்தாள். ஏழாவதையும் எட்டாவதையும் மசூபாவே திறந்து காட்டினாள்.

"காத்தையா அரைக்கப்போறே?"

"கூட்டமாத் தெரியட்டும்னு வச்சேன் அக்கா."

"அடி பாவி! இந்தக் காத்தப் பாத்துட்டுதான் என் தங்கச்சி எதிர்ப்பக்கம் போனா. நாளெல்லாம் கரன்ட் இருந்தப்போ வரிசை நீளமா இருந்தா நல்லதுடி. இப்போ நீளம்னா பயம்."

மசூபா அவளுடைய சோளத்தை அள்ளி மில்லில் கொட்டினாள். மாவை வாங்கிக்கொண்டு கபிங்காவின் அம்மா சிரித்தபடியே போனாள். அந்தச் சிரிப்பு எத்தனை வாசல் ஏறி இறங்குமோ என்று நினைத்தபடி மசூபா காலிப் பேசின்களை உள்ளே எடுத்து வைத்தாள்.

மறுநாள் ஐந்து பேசின்கள் வந்தன. தன்னுடையதை அவள் வைக்கவில்லை. கபிங்காவின் அம்மா ஆறாவதாக வைத்துவிட்டு, சாலையைப் பார்த்துக் கூவினாள்.

"ஆறே ஆறு! எல்லாத்துலயும் சோளம்! துணியத் தூக்கிக் காட்டட்டுமா?"

தக்காளிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். மசூபாவுக்குக் காது சுட்டது. ஆனால் டீசல் மில்லை நோக்கிப் போன ஒருத்தி நின்றாள், எண்ணினாள், திரும்பி வந்து ஏழாவதாகத் தன் பேசினை இறக்கினாள்.

"இன்னிக்குக் கரன்ட் வருமா?" என்று கேட்டாள்.

"வரும்" என்றாள் மசூபா, எரியாத பல்பைப் பார்த்தபடி.